எலும்பு ஆற ஆறு வாரம், முகம் பழக ஓராண்டு

கீழ்த்தாடை முன்தள்ளியிருக்கும் ஒருவர், இனியும் பொறுப்பதில்லை என்று முடிவெடுத்துப் பல் மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே, பல் அச்சு, போட்டோ எல்லாம் எடுத்து, "உங்களுக்குக் கம்பி மட்டும் போதாது, தாடையில் ஆபரேஷனும் வேண்டும்" என்று சொல்லி முதலில் கம்பி போட்டு அனுப்புகிறார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டில் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகும் என்றுதான் வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர்மாறு. மாதம் ஏற ஏறத் தாடை இன்னும் முன்னே வந்ததுபோல் தெரிகிறது. கடித்துத் தின்பது முன்பைவிடச் சிரமமாகிறது. பார்க்க வந்த சித்தி, "கம்பி போட்டும் இப்படியே இருக்கே, வேற டாக்டரைப் பாரேன்" என்கிறார்.

மருத்துவர் தவறு எதுவும் செய்துவிடவில்லை. தாடைகள் பொருந்தாமல் வளரும்போது பற்கள் தாமாகவே வளைந்துகொடுக்கின்றன. கீழ்ப்பற்கள் உள்நோக்கிச் சாயும், மேற்பற்கள் வெளிநோக்கிச் சாயும். எலும்பில் இருக்கும் இடைவெளியைப் பற்கள் பாதி மறைத்துவிடும். அறுவைக்கு முன் இந்தச் சாய்வைக் கம்பியால் நிமிர்த்தினால்தான், எலும்பை நகர்த்திய பிறகு இரண்டு வரிசையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரும். நிமிர்த்தியதும் இதுவரை மறைந்திருந்த குறை முழுதாக வெளியே வருகிறது. ஆக, முகத்தைச் சரிசெய்ய வந்தவர், அது சரியாவதற்கு முன் தன் முகத்தின் மிக மோசமான பதிப்போடு கல்லூரிக்கோ வேலைக்கோ பல மாதம் போய்வர வேண்டியிருக்கிறது.

தாடை அறுவை பற்றிய பேச்சில் முன், பின் என்று இரண்டு போட்டோக்கள்தான் பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டு, மூன்று ஆண்டுகளை யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை. ஒருவருடைய மனம் உடைவதும் தேறுவதும் அந்த நடுப்பகுதியில்தான்.

இதை உணர்ந்த மருத்துவர்கள் ஜப்பானில் இருந்தார்கள். செண்டாய் நகரத்தைச் சேர்ந்த ஒரு குழு, கம்பிக் கட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் அறுவையைச் செய்து, பற்களைப் பிறகு சீராக்கிய ஒரு சிகிச்சையை 2009இல் வெளியிட்டது. அதன்பின் இந்த முறை கொரியா, தைவான் என்று பரவியது. எல்லோருக்கும் இது பொருந்தாது. பற்கள் எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே மிகத் துல்லியமாகக் கணிக்க வேண்டும். ஆனால் இப்படியொரு முறையைத் தேடிப் போனதற்கான காரணங்களில் ஒன்று, அந்தக் கம்பிக் காலத்தில் நோயாளி படும் மனவேதனை. ஒரு சிகிச்சையின் வரிசையை மாற்றுமளவுக்கு அந்த வேதனைக்கு மருத்துவம் மதிப்புக் கொடுத்தது பெரிய விஷயம்.

இந்த அறுவையின் தொடக்கத்திலேயே மனமும் முகமும் சேர்ந்துதான் வந்தன. 1849இல் அமெரிக்காவின் வீலிங் என்ற ஊரில் சைமன் ஹல்லிஹன் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குக் கீழ்த்தாடையை வெட்டிச் சீரமைத்த விவரத்தை எழுதினார். சிறுவயதில் நெருப்பில் வெந்த கழுத்தும் மார்பும் தழும்பாகச் சுருங்கி, வளரும் தாடையைக் கீழே இழுத்து நீட்டிவிட்டிருந்தன. அவளால் வாயை மூட முடியவில்லை. தாடையை நறுக்கிக் குறைத்ததோடு ஹல்லிஹன் நிறுத்தவில்லை; கழுத்துத் தழும்பையும் உதட்டையும் தனித்தனியே சரிசெய்தார்.

அதற்கு நூறாண்டு கழித்துத்தான் இன்றைய வடிவம் வந்தது. ஆஸ்திரியாவில் பயின்று பிறகு சூரிக் நகரில் பணியாற்றிய ஹ்யூகோ ஓப்வெகெசர், தாடையின் பின்பகுதியை வாய்க்குள்ளிருந்தே நெடுக்குவாட்டில் இரண்டு பலகைபோலப் பிளந்து, ஒன்றின் மேல் ஒன்றை வழுக்கி நகர்த்தும் முறையை 1957இல் தன் ஆசிரியர் ட்ரானருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். வெளியே தழும்பே இல்லை. பிறகு சிறிய உலோகத் தகடுகளும் திருகுகளும் வந்தன. அதற்கு முன்பெல்லாம் எலும்பு கூடும்வரை சுமார் ஆறு வாரம் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பியால் கட்டியே வைத்திருப்பார்கள். வாந்தி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தோடு, கம்பி வெட்டும் கட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய தலைமுறை அது. இன்று பெரும்பாலோருக்கு ரப்பர் வளையங்கள் மட்டும் போதுகின்றன. இந்த ஒரு மாற்றம் நோயாளியின் மனநிலைக்குச் செய்த நன்மையை எந்த மாத்திரையாலும் செய்திருக்க முடியாது.

அப்படியும் அறுவைக்குப் பிந்தைய முதல் மாதம் கடுமையானதுதான். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் தெரிவது பழைய முகமும் இல்லை, வாக்களிக்கப்பட்ட புதிய முகமும் இல்லை. மூக்கு அடைத்திருக்கும், வாய் சரியாகத் திறக்காது, எச்சில் தன் கட்டுப்பாட்டில் இருக்காது. சிரிஞ்சில் கஞ்சியும் ஜூஸும் ஏற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்குக் குழம்பு கொதிக்கும் வாசம் வரும்போது, மிக்ஸியில் அரைத்து வடிகட்டிய சாதத்தை விழுங்குகிற துயரம் லேசானதல்ல. சில கிலோ எடை இறங்கிவிடும். பேசினால் யாருக்கும் புரியாது; போனில் எழுதிக் காட்ட வேண்டும். வீக்கத்தை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தையும் மனநிலையையும் அசைத்துப் பார்க்கும் தன்மை கொண்டது. பசி, தூக்கமின்மை, வலி, மயக்க மருந்தின் சோர்வு எல்லாம் ஒன்றுசேரும்போது, "ஏன் இதைச் செய்துகொண்டேன்" என்ற கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு.

இந்தக் கேள்வி வந்துவிட்டது என்பதாலேயே அறுவை தவறாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் சில வாரங்களில் அழுகையும் எரிச்சலும் மனச்சோர்வும் வருவது அடிக்கடி காணப்படுவது, பெரும்பாலும் கடந்துபோவது. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் நோயாளி அதை வீக்கத்தைப்போலவே எடுத்துக்கொள்வார்: வரும், வற்றும். சொல்லாமல் விட்டால், தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று இரவெல்லாம் விழித்திருப்பார். சோர்வு வாரக்கணக்கில் இறங்காமல் நின்றாலோ, உயிரோடு இருப்பதில் வெறுப்பு என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ, அது காத்திருந்து பார்க்கும் விஷயம் அல்ல. உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டியது.

எலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம். வீக்கத்தின் பெரும்பகுதி அதற்குள் இறங்கிவிடும். கடைசிச் சொச்சம் கரைய ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். மனத்தின் கணக்கு இதோடு ஒத்துப்போவதில்லை. அதை முதலில் பொறுமையாக அளந்து பார்த்தவர்களில் ஒருவர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஆசுமான் கியாக். முதுமை பற்றிய ஆய்வுகளுக்காகவும் அறியப்பட்டவர் அவர். 1980களில் தாடை அறுவை செய்துகொண்டவர்களை அறுவைக்கு முன்பிருந்து 24 மாதம் வரை அவரும் சக ஆய்வாளர்களும் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் முடிவில் திருப்தியாகவே இருந்தார்கள். ஆனால் ஒன்பதாம் மாதம் வாக்கில் சுயமதிப்பில் ஒரு சரிவு தெரிந்தது. வலியும் வீக்கமும் போய்விட்ட ஒன்பதாம் மாதத்தில் ஏன்?

பலருக்கு அப்போதும் பல்லில் கம்பி இருந்தது. பெரிய ஆபரேஷன் முடிந்தும் சிகிச்சை முடியவில்லை. முதல் மாதத்தில் பார்க்க வந்த உறவும் நட்பும் தத்தம் வேலைக்குத் திரும்பியாகிவிட்டது, "ஆளே மாறிட்டே!" என்ற வியப்பும் ஓய்ந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் நாள்களும் குறைந்திருக்கும். உடல் தேறிவிட்டது என்று எல்லோரும் விலகிக்கொண்ட நேரத்தில் மனம் தனியாக நிற்கிறது. தாடை அறுவை செய்யும் எந்த மருத்துவமனையும் ஒன்பதாம் மாதத்தில் ஒரு முறை, பல்லைப் பற்றிப் பேசாமல், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஒரு நாளை ஒதுக்கினால் நல்லது.

எதைக் கேட்பது? அதற்கும் ஒரு கருவி இருக்கிறது. லண்டனில் சூசன் கன்னிங்ஹாமும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000இல் தாடைக் குறை உள்ளவர்களுக்கென்றே 22 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தரப் படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண் வரை, மொத்தம் 88. எண் கூடக் கூட வாழ்க்கைத்தரம் குறைவு. கடிப்பதும் மெல்லுவதும் எப்படி, பொது இடத்தில் சாப்பிடத் தயங்குகிறாரா, தாடையில் வலி உண்டா என்று கேட்கும் கேள்விகள் ஐந்துதான். மீதி எல்லாம் வேறு. பக்கவாட்டில் தன்னைப் பார்க்கப் பிடிக்கிறதா, போட்டோ எடுத்தால் ஒளிந்துகொள்கிறாரா, புதியவரைச் சந்திக்கும்போது வாயைக் கையால் மறைக்கிறாரா, அடுத்தவர் பற்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, மற்றவர்கள் தன்னையே உற்றுப் பார்ப்பதுபோல் தோன்றுகிறதா. இந்தக் கேள்விகளைப் படிக்கும்போது, ஒரு குறையோடு வளர்ந்த பிள்ளையின் முழு நாளும் கண்முன்னே வந்துபோகிறது. இந்தப் படிவம் பல மொழிகளுக்குப் போய், பல நாடுகளில் அறுவைக்கு முன்னும் பின்னும் நிரப்பப்பட்டுவருகிறது. அறுவை முடிந்து மாதங்கள் செல்லச் செல்ல எண் இறங்குவதாகவே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன.

கேலியின் இடம் இதில் பெரியது. முகக்குறை உள்ளவர்களிடம் பல ஆண்டுகள் பேசிப் பார்த்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஃபிரான்சிஸ் மக்கிரிகர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். முகம் கடுமையாகச் சிதைந்தவர்களைக் கண்டால் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது ஓரளவு தெரிந்ததே. இரக்கமோ விலகலோ காட்டுவார்கள். சின்னக் குறை உள்ளவர்களுக்கு அந்த உறுதி இல்லை. ஒருவர் கண்டுகொள்ளமாட்டார், இன்னொருவர் பட்டப்பெயர் வைப்பார். எப்போது எங்கிருந்து வரும் என்று தெரியாமல் ஒவ்வொரு புதிய அறைக்குள்ளும் நுழையும் பதற்றம், பெரிய குறையின் துயரத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. "இதெல்லாம் ஒரு குறையா? கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் இருக்காங்க" என்று ஆறுதல் சொல்லும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லெண்ணத்தில் சொல்லும் அந்த வார்த்தை, பிள்ளை தன் வேதனையைச் சொல்லவே வெட்கப்படும்படி செய்துவிடும்.

அதே சமயம் யாருக்காக இந்த அறுவை என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. மில்டன் எட்ஜர்ட்டன், நார்மன் க்னோர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1971இல் தோற்றத்துக்கான அறுவையைத் தேடி வருபவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தனக்குள்ளிருந்து எழும் விருப்பத்தோடு வருபவர்கள் ஒரு வகை. வேறு யாரையோ திருப்திப்படுத்த, அல்லது வெளியே ஏதோ ஒன்று மாறும் என்று நம்பி வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் அறுவை நன்றாக நடந்தாலும் ஏமாறும் வாய்ப்பு அதிகம். நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக் கட்டுரை தேவையில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதுதான் பல குடும்பங்களுக்கு அவள் தாடை நினைவுக்கு வருகிறது. அவள் பத்தாவது படிக்கும்போது பொது இடத்தில் சாப்பிட மறுத்தபோது வராத அவசரம், பெண் பார்க்க வரும் தேதி நெருங்கும்போது வருகிறது. மருத்துவர் அந்தப் பெண்ணிடம் தனியாக, அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, "உனக்கு வேணுமாம்மா?" என்று கேட்பது ஒரு சம்பிரதாயம் அல்ல, சிகிச்சையின் முதல் படி.

தேவையே இல்லாத முகங்களிலும் கத்தி விழும் இடங்கள் உண்டு. தென் கொரியாவில் கூர்ந்த மோவாய் அழகின் இலக்கணமாகிவிட்டபோது, கடிப்பதில் குறையே இல்லாதவர்களும் இரு தாடை அறுவைக்கு வரிசையில் நின்றார்கள். 2014இல் சியோல் நகரின் காங்னம் பகுதியில் ஒரு கிளினிக், வெட்டியெடுத்த தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் கோபுரமாக நிரப்பி வாடிக்கையாளர் பார்வைக்கு வைத்தது. உள்ளூர் நிர்வாகம் அபராதம் விதித்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு மனிதரின் முகத்திலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இல்லாத குறையை இருப்பதாகக் கண்டு நாளெல்லாம் அதிலேயே உழலும் மனநோய் ஒன்றை இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி 1891லேயே விவரித்திருக்கிறார். அந்த நோய் உள்ளவருக்கு எலும்பை நகர்த்தினால் நிம்மதி வருவது அரிது. ஒரு குறை தீர்ந்ததும் கண் இன்னொன்றுக்குத் தாவும். அவர்களுக்கு வேண்டியது பேச்சுவழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும். அறுவைக்கு முன்பே அவர்களை இனம்கண்டு, கத்தியை எடுக்காமல் சரியான இடத்துக்கு அனுப்புகிற மருத்துவர் பெரிய உபகாரம் செய்கிறார்.

மரத்துப்போதல் பற்றியும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்பைப் பிளக்கும்போது அது இழுபடாமல் தப்புவது கடினம். அறுவை முடிந்ததும் அனேகமாக எல்லோருக்கும் உதடு மரத்திருக்கும். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும். சிலருக்கு மரப்பில் ஒரு பகுதி நிரந்தரமாகவே தங்கிவிடும். உதட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது தெரியாது, காபியின் சூடு தெரியாது, முத்தத்தில் பாதி உணர்வு இருக்காது. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு என்பதால் சிரிப்பு கோணாது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது கோணியதுபோலவே தோன்றும்.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீப் பிலிப்ஸும் அவர் குழுவினரும் இதற்கு எளிய பயிற்சி ஒன்றை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளி கண்ணாடி முன் உட்கார்ந்து மெல்லிய பிரஷ்ஷால் உதட்டையும் மோவாயையும் வருட வேண்டும். முதலில் பார்த்துக்கொண்டே, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிரஷ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மனத்தால் கண்டுபிடிக்க வேண்டும். இதைத் தொடர்ந்து செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட மரமரப்பு ஒரு தொந்தரவாகப் படுவது குறைந்தது. நரம்பிலிருந்து வரும் அரைகுறைச் செய்தியை மூளை மீண்டும் வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. செலவே இல்லாத இந்தப் பயிற்சியை எல்லா ஊரிலும் கற்றுக்கொடுக்கலாம்.

முகத்தோற்றத்துக்கு அப்பாலும் இந்த அறுவையால் வாழ்க்கை மாறுகிறது. தாடை சிறுத்துப் பின்வாங்கியிருந்தால் நாக்கு தொண்டைக்குள் சரிந்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பகலெல்லாம் தூக்கக் கலக்கம், எரிச்சல், வண்டி ஓட்டும்போது கண் செருகல். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1980களில் வளர்த்தெடுத்த, இரு தாடைகளையும் முன்னே கொண்டுவரும் அறுவை இதற்கு வலுவான தீர்வு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியான கணக்கில் 86 சதவீதம் பேருக்கு நோய் பெருமளவு தணிந்திருந்தது. 43 சதவீதம் பேருக்கு முற்றாகவே நீங்கியிருந்தது. இரவில் மூச்சுத் திணறாமல் ஒருவர் ஆறு மணி நேரம் தூங்கி எழுந்தால், மனம் தேறுவதற்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தியாவில் இன்னும் அதிகம் காணப்படும் ஒரு நிலை தாடை மூட்டு ஒட்டிக்கொள்வது. குழந்தை மோவாய் அடிபட விழுந்திருக்கும். காயம் ஆறியதும் வீட்டில் மறந்துவிடுவார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில் எலும்பு வளர்ந்து ஒட்டிக்கொள்ள, வாய் திறப்பது மாதத்துக்கு மாதம் குறையும். தாடையும் வளராமல் நின்றுவிடும். விரல் நுழையாத வாயோடு, பல் துலக்க முடியாமல், இடுக்கு வழியாகப் பால் உறிஞ்சி வளரும் பிள்ளைகள் சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு வருகிறார்கள். மூட்டை விடுவித்து, தேவைப்பட்டால் தாடையை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்து நீட்டுகிறார்கள். சைபீரியாவின் குர்கன் நகரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் கால் எலும்பை நீட்டக் கண்ட வழி, 1992இல் நியூயார்க்கிலிருந்து மனிதத் தாடைக்கு வந்துசேர்ந்தது.

இந்தப் பிள்ளைகளுக்கு அறுவையைவிடக் கடினமானது அதற்குப் பிறகு வருகிறது. பல மாதம், வலிக்க வலிக்க, தினமும் பல முறை வாயை அகலத் திறக்கும் பயிற்சி செய்தாக வேண்டும். விட்டால் மூட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். குழந்தை அழும், அம்மாவுக்குக் கை நடுங்கும். "பாவம், இன்னிக்கு வேணாம்" என்று ஒரு நாள் விட்டது ஒரு வாரமாகும், ஒரு மாதமாகும். ஆகவே வார்டில் இருக்கும் நாள்களிலேயே அம்மாவின் கையைப் பிடித்துப் பயிற்சியைப் பழக்கிவிடுவது, ஊருக்குப் போன பிறகு வாரம் ஒரு முறை போனில் கூப்பிட்டு வாய் எத்தனை விரல் திறக்கிறது என்று கேட்பது, ஏற்கெனவே இதைக் கடந்த இன்னொரு தாயோடு அவரைப் பேசவைப்பது எல்லாம் சேர்ந்துதான் இந்த அறுவையை நிலைக்கவைக்கின்றன. இரு தாடை அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் இளைஞருக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம்: அறுவைக்கு முன்பே, அதே அறுவையைச் செய்துகொண்டு ஓராண்டு ஆன ஒருவரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசவைத்து, கஞ்சி குடித்த வாரங்களையும் கம்பியோடு கழிந்த ஒன்பதாம் மாதத்தையும் அவர் வாயாலேயே கேட்கவைக்கலாம்.